கனவுக்கு ‘இல்லை’ தெரியாது

என் முதல் வாசகர் எனக்கு எழுதிய கடிதம் ஒரே வரி. ‘இன்று கண் விழித்தபோது பாதம் ஈரமாக இருப்பதுபோல் இருந்தது, நன்றி.’ அவர் அம்பத்தூரில் எட்டாவது மாடியில் குடியிருப்பவர். அவர் பாதத்தை நனைத்தது, பாளையங்கால்வாய் கரை உடைந்து எங்கள் பகுதியில் மூன்று தெருக்களுக்குள் புகுந்த தண்ணீர். அதை நான்தான் அவருக்கு அனுப்பியிருந்தேன்.

பத்து வருடம் நான் வேலை பார்த்த நாளிதழ், திருநெல்வேலிப் பதிப்பை நிறுத்திய மாதம் அது. மக்கள் வாசிப்பதை விட்டிருந்தார்கள். திரையில் பார்ப்பதையும் விட்டுக்கொண்டிருந்தார்கள். கண் கூசுகிறது என்றார்கள். அப்போதுதான் நெற்றியில் கட்டிக்கொள்ளும் அந்த மெல்லிய பட்டை வந்தது. கட்டிக்கொண்டு உறங்கினால், விழிப்பதற்கு முன் வரும் கடைசிக் கனவில் செய்தி வரும். அதற்கான செயலியின் பெயர் துயில். அதில் யார் வேண்டுமானாலும் சொந்தப் பக்கம் தொடங்கலாம். கையில் ஒரு போனும் சொல்வதற்கு ஒரு விஷயமும் இருந்தால் போதும் என்றது விளம்பரம். என்னிடம் போன் இருந்தது.

என்னோடு அதே நாளிதழில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்த நஸீமாவுக்கும் வேலை போயிருந்தது. மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எனக்கு அந்தச் செயலியைக் கற்றுக்கொடுத்தாள்.

“மொதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்கிடு காந்தி. கனவுக்கு ‘இல்லை’ தெரியாது. நீ ‘யானை இல்லை’ன்னு எழுதி அனுப்பு, ஆளு யானையோடதான் எந்திப்பான்.”

“அப்போ ‘அமைச்சர் விழாவுக்கு வரவில்லை’ன்னு எப்படி எழுத?”

“அது தன்னால மாத்திக்கிடும். ‘காலி நாற்காலி வெயிலில் கிடந்தது’ன்னு வரும். உன்னைய விட நல்லா எழுதுது ஏட்டி.”

“சரி. வேற?”

“‘நாங்க’ங்காத. நீ பேட்டி எடுக்க ஆளு ‘நாங்க பாத்தோம்’னா, ‘நாம பாத்தோம்’னு மாத்து. ‘நாங்க’ன்னா கேக்கவன் வாசல்லயே நிப்பான். ‘நாம’ன்னாத்தான் உள்ள வருவான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து வருடம் அச்சில் என் பெயர் ‘நமது நிருபர்’ என்றுதான் இருந்தது. காந்திமதி என்று ஒருத்தி இருப்பது வாசகர் யாருக்கும் தெரியாது. இப்போது சொந்தப் பெயரில் பக்கம் தொடங்கும்போதும் அதே ‘நாம’தானா என்று கேட்டேன்.

“அது சும்மா போட்ட நமது. இது நெசமாவே நமது” என்றாள் நஸீமா.

பக்கத்துக்குத் ‘தாமிரம்’ என்று பெயர் வைத்தோம். முகநூல் குழுக்களிலும் வாட்சப்பிலும் சுட்டியைப் போட்டோம். கால்வாய்ச் செய்தியைப் பதினாறு பேர் கனவு கண்டார்கள். அதில் ஏழு பேர் எங்கள் சொந்தக்காரர்கள். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு கனவையும் நானே ஒரு முறை கண்டு சரிபார்ப்பேன். விடியலில் நான் எழுதிய தெருவுக்குள் நானே நடந்து போவது வினோதமாக இருந்தது. எழுதும்போது நான் யோசிக்காத வாசல்களெல்லாம் அங்கே திறந்திருந்தன. சில காலைகளில், விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்காமல் கிடப்பேன். இத்தனை வருடம் நான் செய்திகளின் வெளியே நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன் என்றும், இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறேன் என்றும் தோன்றும். அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் பிழை.

புன்னைத்துறையில் இறால் உரிக்கும் கம்பெனியில் அமோனியா கசிந்து மூன்று பெண்கள் இறந்துபோனது ஈஸ்டருக்கு முந்தின நாள். பெரிய சனி. கம்பெனியின் பெயர் நீலமுத்து. பின்வாசல் கதவு துருப்பிடித்து இறுகிவிட்டது, அதனால்தான் பெண்களால் வெளியே வர முடியவில்லை என்று நிர்வாகம் அறிவித்தது. எல்லோரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். பத்து நாள் கழித்து நான் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் புன்னைத்துறைக்குப் போனேன். அப்போது உரிக்கும் அறைக்குள் இருந்த நாலு பேரில் உயிரோடு வந்தவர் ஒருவர்தான். இன்னாசியம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஐஸ் கொட்டுகிற ஓட்டை வழியாகத் தவழ்ந்து வெளியே வந்திருந்தார். தொண்டை வெந்து, குரல் மணலில் இழுபடுவதுபோல் இருந்தது.

“நீ எந்தப் பேப்பரு தாயி?”

“பேப்பர் இல்லக்கா. நானே தனியா நடத்துதேன். ஆளுங்க கனவுல பாப்பாங்க.”

“கனவுலயா?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நெசத்துல பாத்தவளையே நம்ப மாட்டேங்கானுவ. சரி, எழுது.”

நாற்பத்தேழு நிமிடம் பேசினார். நடுவில் இருமல் வந்து நிறுத்தினார், தண்ணீர் குடித்தார், மறுபடி பேசினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரிப்பவள் பிலோமி, இறந்த மூவரில் ஒருத்தி. மதிய நேரத்தில், பின்வாசலை வெளியே இருந்து யாரோ பூட்டினார்கள். கண்டெய்னர் நிரம்புவதற்குள், ஈஸ்டருக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கப் பெண்கள் கிளம்பிவிடுவார்கள் என்று மேற்பார்வையாளர் அப்படிச் செய்வது வழக்கமாம். கொஞ்ச நேரத்தில் வாயு கசிந்தது.

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். போன் பதிவு செய்துகொண்டிருக்கிறது என்ற நிம்மதியில், அவர் முகத்தைப் பார்த்தேனே தவிர, அவர் சொற்களைப் பிடித்துவைக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் துயில் அந்த நாற்பத்தேழு நிமிடத்தையும் எழுத்தாக்கி, நாலு பக்கத்தில் சுருக்கித் தந்தது. அதைத்தான் வாசித்தேன். பதிவைக் கேட்கவில்லை.

நாலு பக்கத்தில் ஒரு வரி: ‘மதியம், கோயில் மணி அடித்தது.’ அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. கனவுக்கு ஒரு சத்தம் வேண்டும். சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் கனவு நிற்கும். அந்த மணியை நான் பெரிதாக்கினேன். நீளமாக்கினேன். வெயில், உப்புக்காற்று, ஐஸ் உருகும் ஈரம், தூரத்து மணி, அதன் நடுவே பூட்டு விழும் ஓசை. கடைசியாக, ‘நாங்க’ இருந்த இடத்திலெல்லாம் ‘நாம’ போட்டேன். மறுநாள் விடியலில் அதைக் கண்டு எழுந்தபோது என் மூச்சில் அமோனியா நெடி இருந்தது. நான் எழுதியதிலேயே ஆகச் சிறந்தது அதுதான்.

நன்றிக்கு அடையாளமாக இன்னாசி அக்காவுக்கு ஒரு பட்டை வாங்கி அனுப்பிவைத்தேன். அவரைப் பற்றி எழுதியதை அவர் பார்க்க வேண்டாமா?

நாற்பதாயிரம் பேர் அந்தக் கனவைக் கண்டார்கள். ஒரே வாரத்தில், ‘நாம பாத்தோம்’ என்ற இரண்டு சொற்கள் எல்லாச் சமூக ஊடகங்களிலும் ஓடின. அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. கல்லூரிகளில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ‘தனி ஒருத்தியாக ஊடகம் நடத்துவது எப்படி?’ என்று தலைப்பு. நானும் போய்ப் பேசினேன்.

பிறகு, ஆணையத்துக்கு அறுநூற்றுப் பதினொரு பேர் சாட்சி சொல்ல மனுக் கொடுத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது.

“அங்க வேலை பாத்ததே நாப்பது பேருதான ஏட்டி?” என்றாள் நஸீமா. அவள் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

“ஆதரவா எழுதியிருப்பாங்க.”

“எங்க மாமியும் கொடுத்திருக்காவ. மேலப்பாளையத்தைத் தாண்டி மாப்பிள்ளை வீட்டுக்குக்கூடப் போகாதவ. ‘நீங்க எப்ப மாமி புன்னைத்துறைக்குப் போனீய’ன்னு கேட்டேன். என்னையப் பாவமாப் பாத்துட்டு, ‘பூட்டுத சத்தத்தை இந்தக் காதால கேட்டேன் பிள்ள’ங்காவ. சத்தியமா பொய் சொல்லல காந்தி. கண்ணுல தண்ணி வருது அவ்வொளுக்கு.”

ஒரு கனவை மறந்துவிடலாம். தான் இருந்த இடத்தை மறக்க முடியுமா? ‘நாம’ என்று நான் கூப்பிட்டேன், அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். வெளியே போகும் வழியை நான் எழுதியிருக்கவில்லை.

விசாரணை தூத்துக்குடியில் நடந்தது. பழைய அரசுக் கட்டடத்தின் மாடியில், மின்விசிறி சத்தம் போடும் ஒரு ஹால். நீலமுத்துவின் வழக்கறிஞர் அதிகம் பேசாதவர். மனுக் கொடுத்தவர்களில் இருபது பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “அப்போது வேறு என்ன சத்தம் கேட்டது?” இருபது பேரும் கோயில் மணி என்றார்கள். அவர் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைசியாக இன்னாசி அக்கா. தலையில் முக்காடு, கையில் செபமாலை. நான் இருந்த பக்கம் பார்த்துத் தலையசைத்தார்.

“அம்மா, பெரிய வெள்ளி, பெரிய சனி ரெண்டு நாளும் உங்க ஊர்க் கோயில்ல மணி அடிப்பாங்களா?”

“அடிக்க மாட்டாவ. பெரிய வியாழன் பூசையோட மணிய நிறுத்திருவாவ. உயிர்ப்பு பூசையிலதான் மறுபடி. நடுவுல மரக்கட்டையத்தான் தட்டுவாவ.”

“இந்த விபத்து நடந்தது என்னைக்கு?”

“பெரிய சனிக்கெழம.”

“அன்னைக்கு மதியம் என்ன சத்தம் கேட்டுச்சு?”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கோயில் மணி” என்றார். “நல்லா நீளமா அடிச்சுச்சு.”

ஹாலில் யாரோ சிரித்தார்கள். அக்காவின் ஊர்க் கோயில் பங்குக்காரர்கள் நாலைந்து பேர் பின்வரிசையில் இருந்தார்கள், அவர்கள் சிரிக்கவில்லை. வழக்கறிஞர் குரலை உயர்த்தாமலே கேட்டார்: “அடிக்காத மணி உங்களுக்குக் கேட்டிருக்கு. அவ்வளவு பெரிய மணிச் சத்தத்துல பூட்டுற சத்தமும் கேட்டிருக்கு. அப்படித்தானம்மா?”

சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் செபமாலை மணிகளைத் தேடின. ஐஸ் கொட்டும் ஓட்டை வழியே தவழ்ந்து வந்த ஒருத்தி, தன் மனசுக்குள்ளேயே வழி தெரியாமல் நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆணையம் சாப்பாட்டு இடைவேளை விட்டது. நான் மாடிப்படியில் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“யக்கா, அந்தப் பட்டைய எத்தனை நாள் கெட்டுனீங்க?”

“தெனமுந்தான்.” அவர் குரல் இன்னும் தேய்ந்திருந்தது. “வெடியக்காலத்துல பிலோமி உசிரோட வாரா பிள்ள. எம்பக்கத்துல உக்காந்து இறா உரிக்கா. அதுக்காண்டித்தான் கெட்டுதேன். கடைசியில நடக்கது நடக்கட்டும், அதுக்கு முன்னால கொஞ்ச நேரம் இருக்கால்லா?”

எழுந்து படியிறங்கினேன். நஸீமா கீழே நின்றாள். அவளிடம் காதுக்கருவியை வாங்கி மாட்டிக்கொண்டு, ஆறு மாதத்துக்கு முன் நான் எடுத்த பதிவை முதல் முறையாகக் கேட்டேன். இருபத்து மூன்றாவது நிமிடம். இருமல். டம்ளர் வைக்கும் ஓசை. பிறகு அக்காவின் குரல்:

‘அன்னைக்குப் பெரிய சனி. மணி அடிக்காதுல்லா. கரண்டும் போயிட்டு, மிசினும் நின்னுட்டு. ஊரே அமந்து கெடந்துச்சு. அதான் பூட்டுத சத்தம் அப்பிடித் தெளிவாக் கேட்டுச்சு எங்களுக்கு. பிலோமி மெதுவா சொன்னா, யக்கா பூட்டுதாவன்னு. அதான் அவ கடைசியாப் பேசுனது.’

அடிக்காதுல்லா. அடிக்காது அல்லவா என்று அர்த்தம், நான் பிறந்ததிலிருந்து பேசும் பேச்சு. வீட்டில் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்வோம். தெரியும்லா, வந்தான்லா, இருக்காதுல்லா. நஸீமாவிடம் காதுக்கருவியைக் கொடுத்தேன். அவள் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“‘அடிக்காது’ல ஒரு இல்லை. ‘ல்லா’வையும் இன்னொரு இல்லைன்னு எடுத்துக்கிட்டு. செயலி ரெண்டையும் அடிச்சு ஆமான்னு ஆக்கிட்டு காந்தி. அதுக்குத்தான் ‘இல்லை’ ஆகாதுல்லா.”

சொல்லி முடித்தபோதுதான் தானும் அதே சொல்லைச் சொல்லியிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

செயலிக்குத் திருநெல்வேலித் தமிழ் தெரியவில்லை. எனக்குத் தெரியுமே. அந்த நாற்பத்தேழு நிமிடப் பதிவை உட்கார்ந்து கேட்டிருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். அந்த அமைதிதான் சாட்சி. மணி அடிக்காததால்தான் பூட்டு கேட்டது. நான் அந்த அமைதியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு மணியை மாட்டியிருந்தேன், அழகுக்காக.

“திருத்தம் போட்டுரலாம்” என்றாள் நஸீமா. சொன்ன உடனே அவளே முடியாது என்று தலையை அசைத்தாள். காலி நாற்காலியைக் கனவில் காட்டலாம், அடிக்காத மணியை எப்படிக் கேட்க வைப்பது? அனுப்பினால், நாற்பதாயிரம் பேருக்கும் இன்னொரு முறை மணி அடிக்கும்.

“பதிவைக் கொடுத்துருதேன்.”

“கொடுத்தா, நீ போட்ட செய்தி தப்புன்னு நீயே சத்தியம் பண்ணணும். அதோட தாமிரம் முடிஞ்சுது. யோசிச்சுக்கோ.”

யோசித்தேன் என்று சொன்னால் பொய். படியில் அக்கா உட்கார்ந்திருந்தார். கட்டியிருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தார்.

பிற்பகலில் நான் கூண்டில் ஏறினேன். மணி என்னுடையது என்று சொன்னேன். வழக்கறிஞர் முதன்முறையாக என்னைக் கவனித்துப் பார்த்தார். பதிவைப் போட்டார்கள். மின்விசிறிச் சத்தத்தில் கேட்காது என்று ஆணையத் தலைவர் விசிறியை நிறுத்தச் சொன்னார். வியர்த்துக்கொண்டு எல்லோரும் கேட்டோம். ‘யக்கா பூட்டுதாவ’ என்ற இடத்தில் யாரும் அசையவில்லை. அந்தப் பதிவை வைத்துத்தான் ஆணையம் மேற்பார்வையாளரை மறுபடி கூப்பிட்டது. மூன்றாம் நாள் அவர் சாவி தன்னிடம் இருந்ததை ஒப்புக்கொண்டார். அறுநூற்றுப் பதினொரு மனுக்களையும் தள்ளுபடி செய்தார்கள். நஸீமாவின் மாமி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

ஆனால் அன்று பதிவு ஓடி முடிந்ததும் அக்கா என்னிடம் வந்து கேட்டது வேறு. “அதுல பேசுனது யாரு பிள்ள?”

“நீங்கதாங்க்கா.”

“என் கொரலுதான். ஆனா எனக்கு அப்பிடி இல்லையே. மணி அடிக்குது. பிலோமி வாயி அசையுது, என்ன சொல்லுதான்னு கேக்க மாட்டேங்குது.” கொஞ்சம் நிறுத்தி, “அந்தச் சத்தத்த எடுத்துரு தாயி” என்றார். ஏதோ சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்கச் சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாக.

தாமிரத்தில் இப்போது கனவுகள் இல்லை. பேசுகிறவர்களின் குரலை, இருமலோடும் டம்ளர் ஓசையோடும் அப்படியே போடுகிறேன். ‘நாங்க’ என்பதை மாற்றுவதில்லை. விழித்துக்கொண்டு உட்கார்ந்து கேட்க வேண்டும். இருநூற்று முப்பது பேர் கேட்கிறார்கள். போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் முழுசாக மூன்று முறை கேட்கிறேன். அம்பத்தூர்க்காரர் விலகிவிட்டார், கால் நனைவதில்லை என்று எழுதியிருந்தார். பிலோமி சொன்னதை அக்கா சொல்லும் அந்த ஒரு துண்டை மட்டும் அக்காவின் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் அதை ஒரு நாளைக்குப் பல தடவை கேட்கிறாராம். தான் மறந்துபோனதைத் தன் வாயாலேயே கேட்டுக்கொள்வது எப்படி இருக்கும் என்று நான் கேட்டதில்லை.

இந்த வருடம் பெரிய சனிக்கிழமை, அக்கா கூப்பிட்டதால் புன்னைத்துறைக்குப் போனேன். பன்னிரண்டு மணிக்குக் கோயில் முற்றத்தில் கூடவே நிற்க வேண்டும் என்றார். அவ்வளவுதான். வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கிடந்தது. கடல்கூடச் சத்தம் குறைந்து புரண்டது. கோபுரத்தின் அடியில், மணிக்கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். அதன் நுனி ஆடவில்லை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை இறால் உரித்து உரித்துக் கரடுதட்டியிருந்தது.

பன்னிரண்டு.

மணி அடித்தது. நீளமாக, தூரத்திலிருந்து வருவதுபோல, நான் எழுதிய அதே மணி. உப்புக்காற்றும் ஐஸின் ஈரமும் அதோடு சேர்ந்து வந்தன. அன்று நான் இங்கே இருந்தேன் என்று என் உடம்பு முழுவதும் சொன்னது. நான் கயிற்றைப் பார்த்தேன். ஆணியில் அப்படியே தொங்கியது. அதன் நிழலும் தரையில் அசையாமல் கிடந்தது.

“அடிக்குதா பிள்ள?” என்றார் அக்கா. கண்களை இறுக மூடியிருந்தார்.

நான் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இல்லக்கா” என்றேன்.